ஒச்சம்மா மூலை

கமலை கட்டித் தண்ணீர் இறைத்த காலம் அது. மடைக்கரைப்பட்டியில் ஒச்சம்மா, ஒச்சம்மா என்று ஒரு மருமகள் இருந்தாளாம்.

முத்தாலம்மன் திருவிழாவுக்கு மண்ணில் அம்மன் செய்வார்கள் இல்லையா? அந்த அம்மனுக்குக் கண் திறக்கிற மை அவள் வீட்டிலிருந்துதான் போகணும். கரிசலாங்கண்ணித் தழையைப் பிழிந்து, துணியை நனைத்து, காயவைத்து, மறுபடி நனைத்து, மறுபடி காயவைத்து, திரியாக்கி விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த சட்டியில் படிகிற கரிதான் மை. தழை அந்த ஊர் மண்ணில் முளைத்ததாக இருக்கணும். அப்படி ஒரு கட்டுப்பாடு. மாமியார் போனதும் மைச்சட்டி ஒச்சம்மா கைக்கு வந்தது.

வந்த வருசம் பார்த்து மழை இல்லை. வாய்க்கால் வறண்டுபோச்சு. கேட்பாரில்லாமல் வாய்க்கால் ஓரம் மண்டிக் கிடக்கிற கரிசலாங்கண்ணி, தேடினாலும் இல்லையாம்.

ஊர்ப் பெரியவர் தவசி அம்பலம் கூப்பிட்டுச் சொன்னாராம்: "ஏத்தா, இந்தத் திருவிழாவுக்கு உங்கையால மை வரலேன்னா, சட்டிய வேற வீட்டுக்கு மாத்திருவோம். பெறகு என்னையக் குத்தஞ் சொல்லாத."

ஒச்சம்மாவுக்குத் தூக்கம் போச்சு. தேடினாள், தேடினாள். கமலைக் கிணற்றடியில், தண்ணீர் சிந்துகிற இடத்தில், வெள்ளைப் பூவோடு ஒரே ஒரு செடி! அதன் விதையை உதிர்த்து வந்து, தன் தோட்டத்துக் கேப்பைப் பயிருக்கு ஊடே தூவினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. களையை விதைக்கிறவளைப் பார்த்தால் ஊர் சிரிக்காதா?

செடி சாண் உயரம் வந்தது. அந்த நேரம் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. பிறந்த ஊருக்குப் போனாள்.

அவள் சிநேகிதி நாகு தோட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு மற்ற சிநேகிதிகளைக் கூப்பிட்டாளாம். "அடியே, இங்க வாங்கடி! கேப்பையவே காணோம், களைதான் நிக்கிது. நம்ம தோட்டத்துக்கெல்லாம் ஓடி ஓடி வந்து களையெடுத்தவ. அவ வாறதுக்குள்ள முடிச்சுவிடுவோம்."

பிடுங்கினார்கள், பிடுங்கினார்கள், ஒன்று விடாமல் பிடுங்கினார்கள். வரப்பில் போட்டு மிதித்தும் விட்டார்கள்.

மறுநாள் காலையில் ஒச்சம்மா வந்தாள். "பாத்தியா, எப்பிடித் தொடச்சு வச்சிருக்கோம்!" என்றாள் நாகு.

ஒச்சம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பாவிகளா, அது களையில்லடி. அம்மனோட கண்ணுடி!"

மை விசயம் முழுவதையும் சொன்னாள். "முன்னாடியே சொல்லித் தொலச்சா என்ன?" என்று நாகு கத்தினாள்.

"சொன்னா சிரிச்சிருப்பீகளே!"

"சிரிச்சிருப்போம். பிடுங்கியிருக்க மாட்டோம்ல!"

"சரி, இதையே பிழிஞ்சா?" என்றாள் ஒருத்தி.

"சாண் செடி. அம்புட்டையும் பிழிஞ்சாலும் ஒரு சங்குச் சாறு தேறாது," என்று சொல்லிக்கொண்டே ஒச்சம்மா ஒரு தண்டை எடுத்தாள். மிதிபட்டு இரண்டாக ஒடிந்த தண்டு. கணுவைப் பார்த்தாள். அதில் என்ன? எறும்பு முட்டை மாதிரி வெள்ளையாய் வேர் முனை! அடுத்ததைப் பார்த்தாள். அதிலும்! குவியலின் அடியில் ஈரம் காயவில்லை.

"உசுரு இருக்குடி! ஊனுங்கடி! ஒடிஞ்சது, கிழிஞ்சது எல்லாத்தையும் ஊனுங்கடி!"

அவ்வளவுதான். சேலையை இழுத்துச் செருகினார்கள். ஒருத்தி கமலை மாட்டை ஓட்ட, ஒருத்தி மடை திருப்ப, மிச்சப் பேர் குனிந்து ஊன்ற, தோட்டமே அமளிப்படுது! அந்த வழியாக வந்த தவசி அம்பலம் திகைத்து நின்றாராம். "களையப் போயி நடுறீகளே, கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"ஆமா அம்பலம், நீங்களும் வந்து ஒரு கை பிடிங்க!" என்றாள் நாகு. அவரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மாட்டை ஓட்டினாராம்.

நட்டது அத்தனையும் பிடித்தது. ஒரு தண்டு மூன்றாக ஒடிந்திருந்தால் மூன்றும் செடியாச்சு. கேப்பைக்கு ஊடே வெள்ளை வெள்ளையாய்ப் பூ. அந்த வருசம் சட்டி நிறைய மை. அம்மன் கண் திறந்தபோது ஒச்சம்மாவின் குலவைதான் ஊரிலேயே ஓங்கிக் கேட்டதாம்.

அன்று முதல் மடைக்கரைப்பட்டியில் களையெடுக்கிற பெண்கள் கரையேறுவதற்கு முன்னால், பிடுங்கின கரிசலாங்கண்ணியில் ஒரு தண்டை ஒடித்து, வரப்பு மூலையில் ஊன்றிவிட்டுத்தான் கை கழுவுவார்கள். அந்த மூலைக்கு ஒச்சம்மா மூலை என்று பேர். தோட்டக்காரி ஊன்றக் கூடாது. பிடுங்கினவள்தான் ஊன்றணும்.