மூன்றாவது வானவரின் சிறகு

அணில் வால் முடித் தூரிகையை எச்சில் படாமல் கூராக்க முடியாது, தாரோகா சாகிப். நீங்கள் மேற்பார்க்கும் இந்த லாகூர்க் கோட்டை ஓவியக்கூடத்தில் எல்லோரும் உதட்டில் வைத்துத்தான் நுனி சேர்ப்போம். அரிதார மஞ்சளைத் தொடும்போது மட்டும் தண்ணீர்க் கிண்ணம். அரிதாரம் நஞ்சு.

அதனால் என் தங்கை கோஹரின் கணவன் நியாமத், வானவர்களின் சிறகுகளுக்கு வேறு மஞ்சள் கேட்டான். மாவிலை தின்ற பசுவின் மூத்திரத்தைக் காய்ச்சி எடுப்பது. நாக்கில் பட்டாலும் ஒன்றும் செய்யாது. கிளிஞ்சலில் குழைத்துவிட்டால் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான்.

அரியணையை விட்டுக் காட்டுக்குப் போன இறைநேசர். அவருக்கு உணவுத் தட்டு ஏந்தி வரும் வானவர்கள். அதுதான் படம். கூடத்தில் முகங்கள் எப்போதும் என்னுடையவை. இம்முறை இறைநேசரின் முகத்தை நீங்கள் நியாமத்திடம் கொடுத்தீர்கள். எனக்குப் புல்தரையும் நிறம் குழைக்கும் வேலையும். தவறில்லை. என் கண் மங்கிவிட்டது.

"மச்சானுக்குப் புல்லுதான் தோது. புல்லுக்கு மூக்கு கோணலாப் போகாது பாருங்க" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிறகுகள் முடிந்த பிறகுதான் முகம். அதற்குள் அவன் கை சற்று நடுங்கினால் முகம் என்னிடம் திரும்பிவிடும். அவ்வளவுதான் நினைத்தேன். கிளிஞ்சலில் அரிதாரத்தைக் குழைத்து வைத்தேன். உதட்டில் வைத்தது அவன்.

கோஹர் கொடுத்தனுப்பும் ரொட்டியை இருவரும் ஒரே துணியில் பிரித்துத் தின்போம். அவனுக்கு வயிறு ஏற்காமல் போனதும் தன் பங்கை என் பக்கம் தள்ளினான்.

"சாப்பிடுங்க மச்சான். மிச்சம் கொண்டு போனா உங்க தங்கச்சி என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா."

சாப்பிட்டேன். இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் படுக்கையிலிருந்து என் கையைப் பிடித்தான். "முகத்தை நீங்களே போட்ருங்க மச்சான். எனக்கு அது வராது. முதல் நாளே தாரோகாகிட்ட சொல்லியிருக்கணும், ரோஷம் விடல."

அடக்கத்துக்கு முன் அவனைக் குளிப்பாட்டியபோது உதடுகளைத் துடைத்தது நான்தான்.

முகம் நன்றாக வந்திருப்பதாக நீங்களே சொன்னீர்கள். கொல்லும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை, சாகிப். கை நடுங்கினால் போதும் என்றுதான் இருந்தேன். படத்தைக் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடியுங்கள். மூன்றாவது வானவரின் சிறகில் கோடு பிசிறியிருக்கும். அன்றைக்கே அவன் கை நடுங்கிவிட்டது.

படத்தில் ஏழு வானவர்கள். ஏழு பேருக்கும் அரிதாரம் குழைத்தது நான்தான்.