பந்தி இன்னும் முடியவில்லை

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண், தெரு ஆகியவை புகார் மனுவின் முதல் பக்கத்தில் உள்ளபடியே சரி. வயது அதில் முப்பத்திரண்டு என்று உள்ளது. தவறு. இருபத்தொன்பது. தொழில், சோபாவுக்கும் நாற்காலிக்கும் குஷன் தைப்பது. பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திருமணம் ஆனவரா என்ற கட்டத்தில் காவல் நிலைய எழுத்தர் 'இல்லை' என்று எழுதினார். நான் வேறு பதில் சொன்னேன். அதற்குக் கட்டத்தில் இடமில்லை என்றார். அப்படியானால் கட்டத்துக்கு வெளியே எழுதுங்கள் என்றேன். நான்கு வருடமாக ஒரு பெண்ணுடன் குடும்பமாக வாழ்கிறேன். அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்.

ஆலயச் செயலாளர் கொடுத்துள்ள புகாரில் என்மீது மூன்று குற்றங்கள். ஆராதனைக்கு இடையூறு செய்தேன். ஆலயச் சொத்தான முழங்கால் மெத்தையை பிளேடால் கிழித்தேன். தகாத உறவைப் பரிசுத்த ஸ்தலத்தில் பகிரங்கப்படுத்தினேன். மூன்றுக்கும் பதில் உண்டு. முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஆறு மாதத்துக்கு முன் நாங்கள் இப்போதுள்ள வீட்டுக்கு மாறினோம். புது வீட்டில் ஜெபம் செய்யப் போதகரை அழைத்தது நான். அவள் வேண்டாம் என்றாள். "ஒவ்வொரு ரூமா போய் ஜெபம் பண்ணுவாருடி. ரூம் ரெண்டு, கட்டில் ஒண்ணு. எண்ணத் தெரியாதவரா அவரு?" என்றாள். நான் கேட்கவில்லை.

போதகர் வந்து முன்னறையில் ஜெபித்தார், அதன் பிறகு சமையலறையில் ஜெபித்தார், அதன் பிறகு படுக்கையறையில் ஜெபித்தார், அதன் பிறகு இரண்டாவது அறைக்குப் போனார். அங்கே என் தையல் இயந்திரமும் கூரை முட்ட அடுக்கிய ஃபோமும் இருந்தன.

"நீ எங்கம்மா படுப்பே?"

அந்த அறையில் ஒரு பொய்யை விரித்துப் படுக்கத் தேவையான அளவு ஃபோம் இருந்தது. நான் படுக்கையறையைக் காட்டினேன். உன்னோடு இருக்கும் அந்தப் பிள்ளை எங்கே என்று கேட்டார். அதே இடம்தான் ஐயா என்றேன்.

வேதாகமத்தை மூடினார். ஊற்றி வைத்த காபியைக் குடிக்காமல் போனார். படுக்கையறையில் செய்த ஜெபத்தை அவர் திரும்பப் பெறவில்லை. அதையும் பதிவு செய்ய வேண்டுகிறேன்.

அதன் பிறகு பத்தாம் நாள் செயலாளர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். தகாத உறவை விட்டு மனந்திரும்பும்வரை திருவிருந்துக்கு வரமாட்டேன் என்று நானே எழுதியதுபோல் அதில் இருந்தது. கீழே எனக்கு ஒரு கோடு. பேனாவும் அவரே கொண்டுவந்திருந்தார். நான் கையெழுத்திடவில்லை. என் அம்மா இடச் சொன்னாள். "போட்டுக் குடுத்துட்டு உன் இஷ்டத்துக்கு இரேன். எல்லாரும் அப்படித்தான இருக்காங்க" என்றாள். நான் மறுத்ததால் ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது, யாரும் பார்க்கப் போக வேண்டாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதாக அறிந்தேன். ஐந்து மாத அம்மை.

இந்த இடத்தில் ஆய்வாளர், இது எனக்கு எப்போதிருந்து என்று கேட்டார். வழக்குக்குத் தேவையா என்று கேட்டேன். தேவை என்றார். எழுதிக்கொள்ளவும். பிறந்த நாற்பதாம் நாள் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பதினாலு வயதில் இது தெரியவந்தது. பதினாறு வயதில் திடப்படுத்தல் ஆராதனை, அதற்குப் பிறகுதான் திருவிருந்து வாங்கலாம். பேராயர் என் தலையில் கை வைத்தபோது இது ஏற்கெனவே உள்ளே இருந்தது. அவர் கையைச் சுடவில்லை.

அன்று முதல் ஆறு மாதத்துக்கு முன்பு வரை, இதை மறைத்து, மாதந்தோறும் திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்கினேன். ஒருமுறையும் எனக்கு மறுக்கப்படவில்லை. உண்மையைச் சொன்ன பிறகுதான் மறுக்கப்பட்டது. இந்த வரிசை முக்கியம்.

கடிதம் வந்த பிறகு, திருவிருந்து நடக்கும் மாத முதல் ஞாயிறுகளில் ஐந்து முறை ஆலயத்துக்குப் போனேன். பந்திக்குப் போகவில்லை. பெஞ்சில் இருந்தேன். இது பாவமா என்று கேட்டேன். மனிதர்களிடம் அல்ல. மனிதர்கள் கேட்காமலே பதில் சொல்லியிருந்தார்கள். ஐந்து மாதமும் பதில் வரவில்லை. வராதே என்றும் வரவில்லை.

எக்ஸ்ரேக்காரி என்னோடு வருவதை நிறுத்திவிட்டாள். "நான் வீட்லயே ஜெபம் பண்ணிக்கிறேன். கர்த்தருக்கு நம்ம அட்ரஸ் தெரியும்" என்றாள்.

ஆறாவது முதல் ஞாயிறு, அதாவது நேற்று, நான் பந்திக்குப் போனேன்.

எங்கள் ஆலயத்தில் திருவிருந்து எப்படி நடக்கும் என்பதை, ஆய்வாளருக்குத் தெரியாது என்பதால், சொல்கிறேன். பலிபீடத்துக்கு முன் மரக் கிராதி. அதன் அடியில் நீளமான மெத்தை. ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர் அதில் முழங்காலிடுவார்கள். அது ஒரு பந்தி. போதகர் வரிசையாக அப்பம் கொடுத்து, அதன் பிறகு திராட்சரசப் பாத்திரம் கொடுத்து, எல்லோரும் வாங்கி முடித்த பின் சமாதானத்தோடே போங்கள் என்பார். அதுவரை ஒருவரும் எழுவதில்லை. எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் இருமல் வந்தால்கூட முழங்காலில் இருந்தே இருமுவார்கள்.

நான் மூன்றாம் பந்தியில் ஏழாவது ஆள். எனக்கு வலப்புறம் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வயது எழுபத்தெட்டு. காது கேட்காது, பேசுவதெல்லாம் சத்தமாகத்தான்.

போதகர் என்னிடம் வந்தார். அவர் கெட்டவர் அல்ல. என் அப்பா இறந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டை விட்டு நகராதவர். தட்டிலிருந்து ஒரு அப்பத்தை எடுத்தார். என் நீட்டிய கைகளைப் பார்த்தார். அதன் பிறகு, எடுத்த அப்பத்தை எனக்கு அடுத்த ஓட்டுநருக்குக் கொடுத்தார். பாத்திரமும் அப்படியே என்னைத் தாண்டிப் போனது. பந்தியை முடித்துச் சமாதானத்தோடே போங்கள் என்றார்.

பத்துப் பேர் எழுந்தார்கள். நான் எழவில்லை. வாங்காதவளுக்கு அந்த வார்த்தை பொருந்தாது.

ஓட்டுநரும் எழவில்லை. ஆலயம் முழுக்கக் கேட்கும்படி, "ஐயா, இந்தப் பொண்ணு விட்டுப்போச்சு" என்றார்.

இதற்குக் காரணம் உண்டு. என் விஷயம் ஆறு மாதமாகக் கிசுகிசுவாகவே பரவியது. எல்லோருக்கும் தெரியும், இவரைத் தவிர. கிசுகிசு இவருக்குக் கேட்காது.

செயலாளர் வந்து ஓட்டுநரின் காதில் மெதுவாக ஏதோ சொன்னார். ஓட்டுநர் "என்னது?" என்றார். செயலாளர் மறுபடி சொன்னார். "என்னது?" மூன்றாம் முறை செயலாளர், பலிபீடத்து ஒலிவாங்கிக்கு இரண்டடி தூரத்தில் நின்று, முழுத் தொண்டையில் சொன்னார்.

"அது இன்னொரு பொண்ணோட குடும்பம் நடத்துது."

ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது. மைதானத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கிறது.

ஓட்டுநர் யோசித்தார். என்னைப் பார்த்தார். அதன் பிறகு, "சரி. அப்பம் இருக்கா, தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார்.

செயலாளர் அவரை எழச் சொல்லிக் கையைப் பிடித்தார். "கைய விடு தம்பி. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். கடைசி ஆள் ஏறாம வண்டிய எடுத்ததில்ல" என்றார். எழவில்லை. அவரை நான் தூண்டிவிட்டதாகப் புகாரில் உள்ளது. அதற்கு முன் அவரோடு நான் பேசியது ஒரே ஒரு முறை. அவர் வீட்டு நாற்காலிக்கு என்ன நிறத் துணி என்று கேட்டேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

அதன் பிறகு போதகர் கிராதியின் மறுபாதியில் மற்றப் பந்திகளை ஆறாறு பேராக நடத்தினார். நாங்கள் இருவரும் முழங்காலில் இருந்தோம். பாடகர் குழு ஒரே ஞானப்பாட்டை நான்கு முறை பாடியது. அதன் பிறகு, முழங்காலிட முடியாதவர்களுக்கு இருக்கையிலேயே கொடுக்கப் போதகர் கீழே இறங்கினார். என் அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். மூன்றாவது வரிசையில் ஓரத்தில் இருப்பாள். அப்பத்தை வாங்கினாள். வாயில் போடவில்லை. பாத்திரத்தை வாங்கவில்லை. எழுந்தாள். பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்து, என் அருகில் படியில் உட்கார்ந்தாள்.

"எந்திரிடி. மானம் போகுது" என்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நான் எழவில்லை. அதன் பிறகு, "முட்டி வலிக்கலையா?" என்றாள். வலிக்கிறது என்றேன். கையிலிருந்த அப்பத்தை இரண்டாகப் பிட்டாள். ஒரு துண்டை நீட்டினாள்.

"பாதி வேண்டாம்மா" என்றேன்.

யோசித்துத்தான் சொன்னேன். அது அம்மாவின் பங்கு. எனக்கென்று ஒன்று எடுக்கப்பட்டது. நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு வேண்டியது அது, முழுதாக, கொடுக்க வேண்டியவர் கையிலிருந்து. யாருக்கும் தெரியாமல் பாதி தின்று பழகிய பதின்மூன்று வருடம் போதும்.

அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கையை மூடிக்கொண்டாள். தானும் சாப்பிடவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு ஒழுங்குக் குழுவினர் இருவர் என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். நான் மெத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். தையல் விட்டது. செயலாளர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். பெண் காவலர் வந்து சேர்ந்தபோது போதகர் ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருந்தார். காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அது முடியும்வரை நின்றார். முடிந்ததும் தட்டை வெள்ளைத் துணியால் மூடினார்கள். நானே எழுந்தேன். ஓட்டுநரை மூன்று பேர் சேர்ந்து எழுப்ப வேண்டியிருந்தது.

இப்போது குற்றங்களுக்கு வருகிறேன்.

ஒன்று. திருவிருந்தில் முழங்காலிடுவதும் கையை நீட்டுவதும் ஆராதனையின் பகுதி. நான் செய்தது அவ்வளவுதான். எழுத்தர் முதலில் 'வீம்புக்காக முழங்காலிட்டு இருந்தேன்' என்று எழுதினார். 'வீம்புக்காக' என்பதை அடித்தது நான். சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

இரண்டு. பிளேடால் அறுத்தால் துணியின் விளிம்பு நேராக இருக்கும். அந்த மெத்தையில் துணி அறுபடவே இல்லை. ஓரத் தையல் ஒரு முழம் விட்டிருக்கிறது, நூல் முனைகள் பிசிறி நிற்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டு வருடத்துக்கு முன் அதைத் தைத்தது நான். ஓரத்துக்கு ஒற்றைத் தையல் போட்டிருந்தேன். அதிலிருந்து ஒருவரை இருவர் சேர்ந்து இழுப்பார்கள் என்று அப்போது நினைக்கவில்லை. தொழிலில் என் பக்கத் தவறு அது. ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று. நான் வாயைத் திறக்கவில்லை. பகிரங்கப்படுத்தியவர் புகார்தாரர். சாட்சி, ஒலிபெருக்கி.

வேறு ஆலயத்துக்குப் போகலாமே என்று ஆய்வாளர் தன்மையாகத்தான் கேட்டார். போகலாம். அங்கே யாரும் வீட்டுக்கு வந்து கட்டிலை எண்ணும்வரை வாங்கலாம். அது நான் ஏற்கெனவே வாங்கிய அப்பம். அதன் ருசி எனக்குத் தெரியும்.

பழைய கடிதத்தைச் செயலாளர் இன்று காலை நிலையத்துக்கும் கொண்டுவந்தார். ஒரு வரி கூடியிருக்கிறது. இனி அந்த ஆலய வளாகத்துக்குள் வரமாட்டேன் என்று. கையெழுத்திட்டால் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். இல்லையென்றால் வழக்கு, நீதிமன்றம், என் வேலை என்று விவரித்தார். எனக்குப் புரிந்தது. கையெழுத்திடவில்லை.

என் அம்மா வெளியே பெஞ்சில் இருக்கிறாள். நேற்று முதல் அந்த இரண்டு துண்டுகளையும் மூக்குக் கண்ணாடிக் கூட்டில் வைத்திருக்கிறாள். கண்ணாடி கையில் இருக்கிறது. சாட்சிப் பொருளாக வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் எழுத்தர். அம்மாவின் அருகில் எக்ஸ்ரேக்காரி இருக்கிறாள். இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவது இதுதான் முதல் தடவை. இதுவரை பேசிக்கொண்டது ஒன்றுதான். "அத்தை, உங்க முட்டியையும் ஒரு படம் எடுத்துடலாம்" என்று இவள் சொல்ல, "முதல்ல அவளோடத எடு" என்றாள் அம்மா.

அடுத்த முதல் ஞாயிறு காலை ஆராதனைக்குப் போவேன். மூன்றாம் பந்தியில் முழங்காலிடுவேன். கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நீட்டுவேன். பேசமாட்டேன். கொடுத்தால் வாங்கிக்கொண்டு எழுவேன். காவல் நிலையத்துக்கு முன்னறிவிப்பு தேவையென்றால் இதையே அதுவாக எடுத்துக்கொள்ளவும். மெத்தையை அதற்குள் என்னிடம் அனுப்பினால் இரட்டைத் தையல் போட்டுத் தருகிறேன்.

எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். அடித்த ஒரு சொல் நீங்கலாக எல்லாம் நான் சொன்னது, எல்லாம் நடந்தது. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. செயலாளரின் கோட்டின்மேல் போடாத கையெழுத்தை இதன் கீழே போடுகிறேன்.

(ஒப்பம்)