அமுங்கிய கட்டை

பகல் இரண்டு மணிக்கு நடந்தது இது. இருட்டினால்தான் பேய் வரும் என்று விளக்குப் பக்கமாக ஒண்டி உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

வெறிச்சோடிய கிடங்குத் தெரு. அதன் கடைசிக் கட்டடத்து மாடியில் என் நண்பனின் மாமா ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் பதிவு செய்வார். அந்தப் பக்கம் அவர் தம்பி சிந்தசைசர் என்கிற மின்கீபோர்டு வாசிப்பான்.

தம்பிக்கு மூச்சிரைப்பு. ஆனால் கெட்டிக்காரன். கட்டையை அழுத்தினால் ஒலி எவ்வளவு மெல்ல ஏற வேண்டும், எந்த அளவில் நிற்க வேண்டும், விரலை எடுத்தபின் எவ்வளவு நேரம் இழுத்து ஓய வேண்டும்... எல்லாவற்றுக்கும் அதில் திருகு உண்டு. தன் மூச்சை வைத்தே அளந்து அவன் ஒரு ஒலி செய்தான். கேட்டவர்களுக்குப் புல்லரித்தது. அண்ணன் அதைத் தன் பெயரில் போட்டுக்கொண்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு அற்றுப்போனது, வேலை மட்டும் நடந்தது.

ஒருநாள் பதிவின் நடுவே தம்பி கண்ணாடியைத் தட்டினான். டொக்... டொக்... வாயில் வைத்து இழுக்கும் மருந்தை மறந்துபோய் அண்ணன் மேசையில் வைத்திருந்தான். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

"டேக் முடியட்டும்."

மூன்று நிமிடப் பாட்டு. முடிந்தபோது தம்பி கட்டைகள் மேலேயே உயிரில்லாமல் கவிழ்ந்து கிடந்தான்.

இரண்டு மாதம் கழித்து யாரோ தங்கள் பாட்டுக்கு அதே ஒலி வேண்டும் என்று கேட்டார்கள். மாமா தனியாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார், ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் திருக வேண்டுமென்றால் அட்டையை மடித்துக் கட்டை இடுக்கில் செருகிவிடுவது இவர்கள் வழக்கம். எடுக்கும்வரை ஒலி ஓயாது. அன்றும் செருகியதாகத்தான் அவருக்கு நினைப்பு.

ஒலி மெல்ல ஏறியது. அதோடு அவர் மூச்சும் உள்ளே ஏறியது. நின்றது.

வெளியே விட முடியவில்லை.

அறை முழுக்கத் தம்பியின் மருந்து வாடை. மின்கம்பியைப் பிடுங்கினார். ஒலி நிற்கவில்லை... அட்டையைப் பிடுங்கக் கட்டை இடுக்கில் நகத்தை விட்டுத் துழாவினார். அட்டை அங்கே இல்லை. மடித்த மடிப்போடு அவர் சட்டைப் பையில் இருந்தது. கட்டை மட்டும் அமுங்கியே கிடந்தது.

கண் இருட்டியது. கண்ணாடியைத் தட்டினார். டொக்... டொக்... ஹெட்போனில் தம்பி குரல். இரைப்பே இல்லாத குரல்.

"டேக் முடியட்டும்ணே."

சரியாக மூன்று நிமிடம். கட்டை தானாக எழுந்தது. ஒலி இழுத்து இழுத்து ஓய, அவர் மூச்சும் கூடவே வெளியே வந்தது. தரையில் விழுந்து அழுதாராம். பாவம் என்று யாரும் சொல்லாதீர்கள், எனக்கு அந்த ஆள்மேல் துளி இரக்கம் கிடையாது.

பிழைத்துவிட்டோம் என்றுதான் அவரும் நினைத்தார். தலையிலிருந்து கழன்று விழுந்த ஹெட்போன் காதுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதிலிருந்து மெதுவாக...

"அடுத்த பாட்டு எத்தனை நிமிஷம்ணே?"