புள்ளி போன முதல்

– லேபிள்ல எழுத்து இன்னும் கொஞ்சம் தேயணும்க்கா.

– இதுக்கு மேல தேய்ச்சா உங்க பேரே இருக்காது தம்பி. ‘சித்தார்த் சிப்ஸ்’ல முன்னாடியும் பின்னாடியும் போயி இப்பவே ‘தார் சிப்ஸ்’தான் மிச்சம். வாழைக்காய் சிப்ஸுங்கிறதால தார்னு இருந்தாலும் பொருத்தம்தான்.

– சீரியஸா சொல்றேன். எழுபது வருஷமா ஒரே ரப்பர் ஸ்டாம்ப்பை மையில தொட்டுத் தொட்டு அடிச்ச மாதிரி இருக்கணும்.

– நீங்க சிப்ஸ் போட ஆரம்பிச்சது எப்போ?

– இந்தப் பொங்கலுக்கு அப்புறம்.

– லேபிள்ல ‘1951 முதல்’.

– எங்க தாத்தா அப்பவே வாழைத்தோப்புல இருந்தவருக்கா. குளித்தலைப் பக்கம்.

– சிப்ஸ் போட்டாரா?

– காவலுக்கு இருந்தாரு.

– மாதாவே. அப்ப வாழைக்கும் உங்க குடும்பத்துக்கும் சம்பந்தம் இருக்கத்தான் செய்யுது. அப்பா?

– பேங்க்ல கிளார்க்.

– சரி, அவரையும் தேய்ச்சு விட்டுருவோம்.

– சிரிக்காதீங்கக்கா. என் கல்யாணமே இந்த லேபிள்லதான் தொங்குது. ரஞ்சனியோட அப்பா நாளைக்கு எங்க வீட்டுக்கு வர்றாரு. மூணு தலைமுறையா ஒரே தொழில் பண்ற வீட்டுக்குத்தான் பொண்ணைக் குடுப்பேன்னு சொல்லிட்டாரு. இது சரிப்படலைன்னா மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்காரர் பையனுக்குப் பேசி முடிச்சுடுவாரு.

– உண்மையைச் சொல்லிப் பொண்ணு கேட்க வேண்டியதுதானே?

– கேட்டேன். ‘நேத்து பெய்ஞ்ச மழைக்கு இன்னிக்கு முளைச்ச காளான், நீயெல்லாம் யாவாரியா’ன்னு வெளியில அனுப்பிட்டாரு. அவர் கடையில நின்ன ஆளுங்கல்லாம் சிரிச்சாங்கக்கா. அப்புறம் ரஞ்சனிதான், இது தாத்தா காலத்துத் தொழில், நான் சரியாச் சொல்லலைன்னு பேசி அவரை நாளைக்கு வரச் சம்மதிக்க வச்சா, ஆனா அன்னிக்கு அவ உள்ள நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாக்கா.

– அழாதீங்க தம்பி. இந்தாங்க, டீ ஆறுது. கேட்டுக்குங்க, முத்திரை குத்துறவன் கை எப்பவும் ஒரு பக்கம்தான் அழுத்தும். அதனால இந்தப் பக்கம் மை திட்டா நிக்கணும், அந்தப் பக்கம் வெளிறணும். சிவப்பை அப்படியே விட்டா புதுசுன்னு பல்லைக் காட்டும், கொஞ்சம் பழுப்பு கலக்கணும். லேசா சாய்ச்சு விடணும். இப்ப மேல போடுறேனே, இது என்ன தெரியுதா?

– ஏதோ சொரசொரன்னு இருக்கு.

– நம்ம கடை வாசப்படி. சிமென்ட் பேந்து கிடக்கு பாருங்க, அதைத்தான் போன்ல படம் எடுத்து வச்சிருக்கேன். இதைப் போட்டு மறைச்சா, பேந்த இடமெல்லாம் எழுத்தும் பேந்துரும்.

– அழிஞ்சது திரும்ப வராதே?

– அழிக்கலை தம்பி, மறைக்கிறேன். வேணும்னா திரும்பக் கொண்டாந்துடலாம். முன்னெல்லாம் அழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு தடவை பட்டேன், விட்டுட்டேன்.

– என்ன ஆச்சு?

– அதை விடுங்க. கீழ ‘விற்பனை’ன்னு போட்டிருக்கீங்களே, 1951ல இந்த ‘னை’ ஏது? அப்பல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி சுழி வச்ச பழைய ‘னை’. வயசானவங்க கண்ணுல சட்டுனு பட்டுரும்.

– அதை எடுத்துடுங்க.

– எடுத்துடலாம். பக்கத்துல கட்டம் கட்டமா பணம் அனுப்புற க்யூ ஆர் கோடு இருக்கே, அதையும் உங்க தாத்தாதான் வச்சாரா?

– அக்கா.

– சரி சரி. ஞாயித்துக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட இதை என்னன்னு சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன். போட்டோஷாப்னு சொன்னா அவருக்குப் புரியாது.

– எனக்கு இந்த மாதிரி வேணும்க்கா. என் போனைப் பாருங்க. ரஞ்சனி அப்பா கடை போர்டு, ஸ்ரீரங்கம். அவங்க பழைய ரப்பர் முத்திரையை அப்படியே பெருசு பண்ணிப் போட்டிருக்காங்க. ‘வீரமலை வத்தல் வடகம், 1938 முதல்’. ஏன் இருமுறீங்க?

– டீ புரை ஏறிடுச்சு. நீங்க சொல்லுங்க.

– பெருசு பண்ணிப் பாருங்க. ‘முதல்’ல கடைசி எழுத்துக்குப் புள்ளி இருக்கா? இல்ல. ‘1938 முதல’. அடிச்சு அடிச்சு அந்த இடத்துல ரப்பரே தேஞ்சு போயிருக்கு. அதுதான்க்கா அசல் பழசு. அதை எந்தக் கம்ப்யூட்டராலயும் கொண்டு வர முடியாது.

– முடியாது, முடியாது.

– அந்தத் தெருவுல எல்லாருக்கும் அது முதலக் கடைதான். அதுக்கு ஒரு கதையே இருக்கு. அவரோட தாத்தா கூடையில வடகத்தை வச்சுக்கிட்டுக் கொள்ளிடத்துல பரிசல்ல போனாராம். ஒரு முதல வந்து கூடையைக் கவ்விடுச்சாம். தாத்தா விடலையாம். அது ஒரு பக்கம் இழுக்க, இவர் ஒரு பக்கம் இழுக்க.

– யார் சொன்னது இதை?

– அவரேதான். சொல்றப்ப கண்ணு கலங்கிருச்சு.

– கலங்கும். முதலக் கடைக்காரர் கண்ணீராச்சே.

– நீங்க ஏன்க்கா ஒரு மாதிரியாவே பேசுறீங்க? அவரை உங்களுக்குத் தெரியுமா?

– தெரியும், தெரியாது. எங்க தொழில்ல ஒருத்தர் வேலையை இன்னொருத்தர்கிட்ட பேசக்கூடாது. நீங்க ஸ்ரீரங்கத்துப் பக்கம் போக வர இருந்தவர் இல்லையோ?

– படிச்சு முடிச்சதுலேருந்து பெங்களூருதான். போன வருஷம்தான் வேலையை விட்டுட்டு வந்தேன். வீடும் எடமலைப்பட்டி புதூர்ல. அந்தக் கடைத்தெரு எனக்கு என்ன தெரியும்?

– அதான பார்த்தேன். உங்க ஏரியாவுல இல்லாத டிசைன் கடையா? என்னைத் தேடி மேலப்புதூர் வரைக்கும் யார் அனுப்புனது?

– ரஞ்சனிதான். செல்வமேரி அக்கா கடைக்குத்தான் போகணும், சனிக்கிழமை சாயங்காலம்தான் போகணும், அதுக்கு முன்னாடி போயிடாதேன்னு சொன்னா. ஏன்னு கேட்டா சிரிக்கிறா.

– சனிக்கிழமை சாயங்காலமா. கெட்டிக்காரப் பொண்ணு. கட்டுனா அதைத்தான் கட்டணும் நீங்க.

– கட்டத்தானேக்கா இவ்வளவும். நாளைக்கு அவர் பாக்கெட்டைக் கையில வாங்கி உத்துப் பார்த்து, இது பொய்யின்னு சொல்லிட்டா? அவருக்குத் தெரியாத பழசா?

– நல்லாவே தெரியும். தம்பி, அந்த ஸ்டூலை இந்த மானிட்டருக்குப் பின்னாடி இழுத்துப் போட்டு உக்காருங்க. வாயைத் திறக்காதீங்க. எனக்கு இன்னொரு ஆள் வர்ற நேரம்.

– நான் வேணா வெளியில நிக்கட்டுமா?

– உக்காருங்கன்னா உக்காருங்க.

– மேரிம்மா, இருக்கியா?

– வாங்க வீரமலை அண்ணே. பார்த்து வாங்க, படி பேந்து கிடக்கு.

– இதைப் பூசித் தொலைக்கக் கூடாதா? சரி, அதை விடு. எனக்கு எதுத்தாப்ல ஊறுகாய்க் கடை போட்டானே ஒரு பய, அவன் பண்ணுன அக்கிரமத்தைக் கேளு. ராவோட ராவா ‘1935 முதல்’னு போர்டு மாட்டிட்டான். கொரோனாவுக்கு அப்புறம் கடை தொறந்த பயம்மா அவன்.

– நீங்க எப்ப அண்ணே தொறந்தீங்க?

– நான் கொரோனாவுக்கு முன்னாடி. உனக்குத் தெரியாதா என்ன, நீதானே போர்டு போட்டே. சும்மா வாயைக் கிண்டாதே. நம்ம 38ஐ 28 ஆக்கிடு. அந்த மையை இன்னும் நல்லாத் தேய்ச்சு விடு, அவன் வயிறு எரியணும்.

– அப்படியே புள்ளியையும் வச்சுடுறேன் அண்ணே. அன்னிக்கு என் கை தவறி அழிஞ்சு போச்சு.

– அடிப்பாவி, அதைத் தொட்டுடாதே. அந்தப் புள்ளி போனதுலதான் எனக்கு ஒரு முதலயும் ஒரு தாத்தாவும் கிடைச்சாங்க. எங்க நிஜத் தாத்தா ஆத்துத் தண்ணியில காலைக்கூட வச்சதில்ல.

– மெதுவாப் பேசுங்க அண்ணே.

– ஏன், இங்க யாரு இருக்கா? ஏம்மா, கம்ப்யூட்டருக்குப் பின்னாடி யாரு அது?

– வணக்கம் மாமா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, உங்களுது முதல்ல தேயட்டும்.