நானூறு வருஷத்து வீடு

ஹெஸ்டர்: தலையைக் குனிஞ்சு வாங்க மாரிஸ், அந்த உத்தரம்...

மாரிஸ்: ஆ...

ஹெஸ்டர்: ...இடிக்கும்னு சொல்ல வந்தேன்.

மாரிஸ்: பரவாயில்ல. நானூறு வருஷமா எத்தனையோ மண்டையைப் பாத்த உத்தரம். என் வீட்லயும் இதே கதைதான். கால் எப்படி இருக்கு?

ஹெஸ்டர்: வீக்கம் இல்ல. வலி உள்ளுக்குள்ள. மாடியிலேருந்து இறங்கறப்ப சறுக்கிடுச்சு. இதைப் படின்னா சொல்றது? ஏணி. என் காலை விடுங்க. கூட்டத்துல என்ன ஆச்சு? ஊர் வந்துச்சா?

மாரிஸ்: ஊரே வந்துச்சு. மாவட்டக் கவுன்சில் கூடத்துல நிக்க இடமில்ல. எல்லார் நெஞ்சுலயும் 'நெதர் ஓஸ்பியைக் காப்போம்'னு பேட்ஜ். பாதிரியார் அம்மா அவங்க நாய்க்கும் ஒண்ணு மாட்டி விட்டிருந்தாங்க.

ஹெஸ்டர்: நான் எழுதிக் குடுத்ததைப் படிச்சீங்கல்ல?

மாரிஸ்: ஒரு எழுத்து விடலை. வாத்து மேட்டுல பன்னெண்டு புது வீடு வந்துச்சுன்னா ஆயிரம் வருஷத்து ஊர் அன்னிக்கே செத்துடும்னு ஆரம்பிச்சேன். கர்னல் ப்ரௌஸ் கண்ணைத் தொடச்சுக்கிட்டார்.

ஹெஸ்டர்: அவர் இங்க குடிவந்ததே போன வருஷம்தானே?

மாரிஸ்: அதான் அவருக்கு அவ்வளவு பாசம். நமக்கெல்லாம் ஊரைப் பாத்துப் பாத்து மரத்துப்போச்சு.

ஹெஸ்டர்: சரி, மேல சொல்லுங்க.

மாரிஸ்: ஊரோட ஒத்துமையைச் சொன்னேன். மே மாசத்து ஆட்டம், கேக் போட்டி, பள்ளிக்கூடத்துப் பழைய மணி...

ஹெஸ்டர்: பள்ளிக்கூடத்தைத்தான் பிள்ளைங்க இல்லைன்னு மூடிட்டாங்களே.

மாரிஸ்: அதை நீங்க எழுதலையே, நான் ஏன் சொல்லப்போறேன்? அப்புறம் நம்ம பப். ஊருக்கே அதுதான் உயிர்னு நீங்க எழுதினதைப் படிச்சேன்.

ஹெஸ்டர்: நீங்க கடைசியா எப்ப போனீங்க அங்க?

மாரிஸ்: என் வீட்டுக்காரி மில்லிசென்ட்டை அடக்கம் பண்ணின அன்னிக்கு.

ஹெஸ்டர்: ...ம். நானும் அன்னிக்குத்தான்.

மாரிஸ்: தெரியும். பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க.

ஹெஸ்டர்: ...ஓட்டு எப்படி விழுந்துச்சு?

மாரிஸ்: அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். பேச்சு முடிஞ்சும் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்துச்சு. நான் சரித்திர சங்கத்துச் செயலாளர் வேற... வாய் சும்மா இருக்கலை.

ஹெஸ்டர்: என்ன சொல்லி வெச்சீங்க?

மாரிஸ்: பழைய ஊர் எங்க இருந்துச்சுன்னு சொன்னேன். சர்ச்சைச் சுத்தி. கொள்ளைநோய் வந்தப்ப மிஞ்சினவங்க அந்த வீடுகளை அப்படியே போட்டுட்டு, இந்தப் பக்கம் வந்து புதுசாக் கட்டிக்கிட்டாங்கன்னு.

ஹெஸ்டர்: அது இப்ப எதுக்கு?

மாரிஸ்: கேளுங்க. அப்புறம் ராஜா உத்தரவு போட்டுத் துறவிங்க மடத்தை மூடினப்ப, மறுநாளே நம்ம ஆளுங்க வண்டி கட்டிட்டுப் போய், அதை இடிச்சு, கல்லைக் கொண்டாந்து வீடு கட்டினதையும் சொன்னேன். உங்க அடுப்படிச் சுவர்கூட அந்தக் கல்லுதானே?

ஹெஸ்டர்: மாரிஸ்...

மாரிஸ்: உடனே அந்தக் கவுன்சில் தலைவி, சின்னப் பொண்ணு, நிமிர்ந்து உக்காந்தா. 'அப்ப உங்க ஊர்க்காரங்க எந்தக் காலத்துலயும் பழசை விட்டுட்டுப் புதுசுக்குப் போனவங்கதானா?'ன்னு கேட்டா.

ஹெஸ்டர்: நீங்க இல்லைன்னீங்க.

மாரிஸ்: ஆமாம்னேன். வேற என்ன சொல்றது? சரித்திரம் அப்படி இருக்கு.

ஹெஸ்டர்: ஓட்டு?

மாரிஸ்: கவுன்சிலருங்கள்ல ஒருத்தரைத் தவிர எல்லாரும் கட்டட்டும்னுட்டாங்க. அந்த ஒருத்தரும் தூங்கிட்டிருந்தார். திட்டறதுன்னா திட்டிடுங்க. வர்ற வழியெல்லாம் அதுக்குத்தான் தயாராகிட்டு வந்தேன்.

ஹெஸ்டர்: இருங்க, டீ போட்டுட்டு வரேன்.

மாரிஸ்: ஹெஸ்டர்.

ஹெஸ்டர்: சர்க்கரை வேணாம்ல உங்களுக்கு?

மாரிஸ்: ஹெஸ்டர், நீங்க நடக்கறீங்க.

ஹெஸ்டர்: ...இடது காலை ரொம்ப ஊன்றதில்ல.

மாரிஸ்: கட்டு வலது கால்ல இருக்கு. விழவே இல்லையா?

ஹெஸ்டர்: போன குளிர்காலத்துல விழுந்தேன். அதைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்.

மாரிஸ்: ஊரே உங்களுக்காகக் கவலைப்படுது. மூணு வீட்லேருந்து சூப்பு வருது.

ஹெஸ்டர்: வந்துடுச்சு. அதையெல்லாம் குடிச்சுத் தீக்கறதே தண்டனைதான்... என்னால முடியலை மாரிஸ். பேச்சை எழுதிட்டு ஒரு தரம் வாய்விட்டுப் படிச்சுப் பாத்தேன். 'நம்ம மூதாதையர் நமக்கு விட்டுட்டுப் போன அழகான இல்லங்கள்'ங்கற இடத்துல கூரையிலேருந்து ஒரு சொட்டு தாள் மேலயே விழுந்துச்சு.

மாரிஸ்: ஓ... நான் உங்க கண்ணீர்னு நெனச்சேன். அந்த இடத்துல குரலைத் தழதழக்க வெச்சுல்ல படிச்சேன்?

ஹெஸ்டர்: ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி போட்டுக்கறேன்னு கேட்டேனே, அந்தப் பாரம்பரியக் கட்டட அதிகாரி வந்து என்ன சொன்னார் தெரியுமா? காத்து உள்ள வர்றதும் இந்த வீட்டோட இயல்புதானாம்.

மாரிஸ்: எனக்கு வௌவால். கூரைக்குள்ள குடும்பத்தோட இருக்கு. துரத்தினா சட்டப்படி குத்தம். யோசிச்சுப் பாத்தா அதுங்கதான் வீட்டுக்காரங்க, நான் குடித்தனக்காரன்.

ஹெஸ்டர்: அப்ப நீங்க வேணும்னேதான் அந்தக் கொள்ளைநோயை இழுத்து விட்டீங்க.

மாரிஸ்: இழுத்து விடலை. அது அங்கதான் இருந்துச்சு... ஆனா சிக்கல் தீரலை. வெளிய வந்ததும் கர்னல் சுவர் மேல ஏறி நின்னு, மேல்முறையீடு போடுவோம், ஹெஸ்டர் அம்மா கால் சரியானதும் அவங்க தலைமையிலன்னார். எல்லாரும் கை தட்டினாங்க.

ஹெஸ்டர்: நீங்க?

மாரிஸ்: நான்தான் பலமாத் தட்டினேன்.

ஹெஸ்டர்: பாவி மனுஷா.

மாரிஸ்: உங்களுக்கு ஏன் இவ்வளவு கோவம்? வீடு வரட்டும்னு நான் நெனச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. நீங்க சும்மா பேச முடியாம ஒதுங்கினவங்கதானே?

ஹெஸ்டர்: என்ன காரணம்?

மாரிஸ்: ...யார்கிட்டயும் சொல்லக் கூடாது.

ஹெஸ்டர்: சொல்ல மாட்டேன்.

மாரிஸ்: டவுன்ல அந்தக் கம்பெனி ஆபீஸ்ல, வாத்து மேட்டு வீட்டுக்கு என் பேரைக் குடுத்து வெச்சிருக்கேன். ரெண்டாவது வீடு. ஒரே தளம். நிமிர்ந்து நடக்கலாம் ஹெஸ்டர், வாசல்லேருந்து கொல்லை வரைக்கும் நிமிர்ந்து.

ஹெஸ்டர்: ரெண்டாவதா?

மாரிஸ்: மூணாவதுதான் கேட்டேன், வெயில் படற பக்கம். அதை ஒரு அம்மா முன்னாடியே வந்து எடுத்துட்டாங்களாம். அந்த ஆபீஸ் பொண்ணு பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டா. மாதிரி வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் ஹீட்டரைப் போட்டதும், அந்தம்மா அங்கயே நின்னு அழுதுட்டாங்கன்னு மட்டும் சொன்னா.

ஹெஸ்டர்: அழலை. ஜலதோஷம்.