பங்காளி வரிசையில் என் அக்கா

அவைக்குத் தலைமை தாங்கும் அண்ணன் பெரியகருப்பன் அவர்களே, குரங்கணி அடிவாரத்தில் குலசாமி கும்பிடக் கூடியிருக்கும் பங்காளிகளே, ஏலத்தோட்டத்துச் சோலியை எறிந்துவிட்டு ஜீப்பில் வந்திறங்கிய இளங்காளைகளே, பொங்கல் பானை இறக்கிய கையோடு வந்தமர்ந்த தாய்மார்களே! செத்துப் பிழைத்த இந்த மொக்கச்சாமிக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். போர்த்திய தோள் கூசுகிறது.

எண்பத்திரண்டாம் வருஷம் என் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிப் படுத்தேனே, கொடுத்துக் காத்தது யார்? பங்காளிகளா? அஞ்சினீர்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். சிலமலையில் வாக்கப்பட்ட என் அக்கா மாயக்காள்தான், "எனக்குத்தேன் ரெண்டு இருக்குல்ல அப்பு, ஒண்ண நீ எடுத்துக்க" என்றாள். கொல்லையில் காய்த்ததைக் கொடுப்பதுபோலக் கொடுத்தாள்.

போன மாதம் சோதனைக்குப் போனேன். உறுப்பைக் கொடுத்தவரின் அணுக்கள் வாங்கியவரின் இரத்தத்தில் உலவுகின்றனவா என்று தேடிக்கொண்டிருக்கிறார் ஒரு டாக்டர். என் இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆண் அணுக்களுக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு பெண் அணு இருக்குங்க. உங்க அக்காவோடது. இன்னும் உயிரோட இருக்கு."

சிரிக்கிறீர்களா? காசிமாயன் மாப்ளே, நீ நன்றாகவே சிரி. "இனிமே ஒனக்கு வேட்டியா, சீலையா?" என்று கேட்டவன்தானே நீ. அன்று எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதுவா ஐயா வெட்கம்?

இன்று காலை நடந்தது வெட்கம். தம்பி பிழைத்ததற்கு நேர்ந்துகொண்ட பானையோடு வந்தாள் அக்கா. கயிறு கட்டிப் பிரித்திருந்த பங்காளி வரிசையில் அடுப்புக் கூட்டக் குனிந்தாள். தலைவர் அண்ணன் சொன்னார்: "ஆத்தா, நீ கட்டிக்குடுத்த பிள்ள. இது பங்காளி பான வைக்கிற எடம். கயித்துக்கு அங்கிட்டுப் போ." அவள் பானையைத் தூக்கிக்கொண்டு போனாள். பரிவட்டம் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற நான் வாய் திறந்தேனா? என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

பங்கு உள்ளவன் பங்காளி என்றால், என் உதிரத்தில் பங்கு உள்ளவள் யார்? கயிற்றுக்குள்ளே நான் நின்றபோது என் நாடி நரம்புக்குள் அவளும் அல்லவா நின்றாள்? சாமி தடுக்கவில்லை, ஆசாமிகள் நாம்தான் தடுத்தோம்.

என்ன அண்ணே? முறையை மாற்ற முடியாதா? அப்படியானால் இதோ உங்கள் பொன்னாடை. நாளைக் காலைப் பூசையில் அக்கா பானை வரிசையில் ஏறாவிட்டால் என் பானையும் ஏறாது.

யாரது, பந்தல்காலோரம் கைகாட்டுவது? அக்காவா? "அப்பு, வெரசா முடி. மாத்திர போடுற நேரம் தாண்டிருச்சு" என்கிறாள். கேட்டீர்களா? அது எதற்கு மாத்திரை தெரியுமா? அவள் கொடுத்த உறுப்பை அந்நியமென்று என் உடம்பு தள்ளிவிடாமல் இருப்பதற்கு. என் உடம்புக்கு மாத்திரை இருக்கிறது; நம் கூட்டத்துக்கு எந்தக் கடையில் போய் வாங்குவேன்?

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. தொடக்கத்தில் சொல்லாமல் விட்ட பெயர் ஒன்று உண்டு, அதைச் சொல்லி அமர்கிறேன். என் பங்காளி மாயக்காள் அவர்களே, வணக்கம்.