உதட்டோரம் ஒரு கொப்புளம்

நான் டீயை ஆறவைத்துத்தான் குடிப்பேன். மேலே ஆடை படிந்து, டம்ளரைப் பிடித்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆற வேண்டும். "இதுக்குப் பேரு டீயா? பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு" என்று அம்மா கிண்டல் செய்வாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், டாக்டர். பின்னால் தேவைப்படும்.

நீங்கள் என்னைப் பார்த்திருக்கிறீர்கள். குழந்தைகள் வார்டு வாசலில், அக்காவுக்குப் பின்னால், பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டேன். வகுப்பில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தெரிந்த பதிலும் வராது. இப்போது ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். மெஷினோடு பேச வேண்டியதில்லை.

நர்ஸிங் படிக்கும் பெண்கள் கையால் எழுதிய நோட்ஸைக் கொண்டுவந்து, "நாற்பது செட், ரெண்டு பக்கமும்" என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். தாள் வெளியே வரவர நான் படிப்பேன். சிக்கிக் கசங்கிய தாள்களை வீட்டுக்கு எடுத்துவந்து மறுபடியும் படிப்பேன். வைரஸ் பாடம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

நான் படித்ததிலேயே சுலபமாகப் புரிந்த பாடம் அது. வைரஸிடம் சொந்தமாக இருப்பது ஒரு மூலப்பிரதி மட்டும். செல்லின் வெளிச்சவ்வில் போய் ஒட்டும். வேண்டியவர் யாரோ வந்திருக்கிறார் என்று செல் உள்ளே விடும். உள்ளே போனதும் வைரஸ் தன் மூலப்பிரதியை மெஷின் கண்ணாடிமேல் வைத்துவிடும். மெஷின் செல்லுடையது, மையும் தாளும் செல்லுடையவை. கல்யாணப் பத்திரிகைக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் எங்கள் கடை மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது, செல்லுக்கும் அப்படித்தான். வைத்ததைப் பிரதி எடுக்கும். ஆயிரக்கணக்கில் எடுத்து எடுத்து, தன் வேலையை மறந்து, கடைசியில் செத்துப்போகும். பிரதிகள் பக்கத்துச் செல்லுக்குப் போகும். அங்கே யாருக்கும் யார்மீதும் கோபமில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அதே நோட்ஸில் உதட்டுக் கொப்புளம் பற்றி அரைப்பக்கம் இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே வருவதுதான். வருஷத்துக்கு இரண்டு முறை கீழுதட்டோரம் கொத்தாகக் கிளம்பும். அம்மா சூட்டுக் கொப்புளம் என்பாள். அந்த வைரஸ் நரம்பின் வேரில் வருஷக்கணக்காகப் படுத்திருக்குமாம். கொப்புளம் கிளம்புவதற்கு முன்பே, குறுகுறுப்பு தொடங்கும்போதே மற்றவருக்கு ஒட்டுமாம். பிறந்த குழந்தைக்கு முத்தம் கூடவே கூடாது. அந்த வரிக்குக் கீழே எழுதியவள் இரண்டு கோடு போட்டிருந்தாள். நாற்பது தாளிலும் அந்த இரண்டு கோட்டைப் பார்த்தேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அவன் பிறந்தான். அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு பிறந்தவன். தலையில் ஒரு முடி கிடையாது, நெற்றியில் எப்போதும் ஒரு சுருக்கம். "பாஸ் எழுந்துட்டாரா? பாஸ் இன்னைக்கும் கோவமாத்தான் இருக்காரா?" என்று அத்தான் கேட்டுக் கேட்டு, வீட்டில் எல்லோருக்கும் அவன் பாஸ் ஆகிவிட்டான்.

"தூக்கு, மடியில போட்டுக்கோ, என்ன வேணா பண்ணு. முத்தம் மட்டும் வேண்டாம்டி. ஆஸ்பத்திரியில கண்டிஷனா சொல்லிட்டாங்க" என்றாள் அக்கா.

அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "நாங்கள்லாம் முத்தம் குடுக்காமயா உங்களை வளர்த்தோம்?"

"அதான் இவ இப்படி வளர்ந்திருக்கா" என்று அத்தான் என்னைக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அவன் என் கைக்கு வந்தால் அழுகையை நிறுத்துவான். அம்மாவிடம் நிறுத்தமாட்டான், அத்தானிடம் நிறுத்தமாட்டான். என்னுடைய பதினேழு வருஷத்தில், என்னிடம் வந்து ஒருவர் அமைதியானது அதுதான் முதல் முறை.

ஐந்தாம் நாள் மதியம் அக்கா குளிக்கப் போயிருந்தாள். எனக்குக் காலையிலிருந்தே உதட்டோரம் குறுகுறுத்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். அவன் கொட்டாவி விட்டான். வாயோரத்தில் பால் இருந்தது. ஒரே ஒரு முறைதான். துண்டை எடுத்துத் துடைத்தும் விட்டேன்.

மறுநாள் காலையில் அக்கா, "என்னடி உதட்டுல?" என்றாள்.

"டீ சுட்டுடுச்சு."

வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. அம்மாகூட யோசிக்கவில்லை. கடையில் வேலை அதிகம் என்று சொல்லி, அது ஆறும்வரை அவன் பக்கமே போகாமல் இருந்தேன். இதை எனக்குச் சாதகமாகச் சொல்கிறேன்.

பதின்மூன்றாம் நாள் அவன் பால் குடிக்கவில்லை. உடம்பு கொதித்தது. தூக்கினால் துணி மாதிரி துவண்டான். உங்களிடம் கொண்டுவந்தோம். நீங்கள் எங்களை வரிசையாகப் பார்த்துக் கேட்டீர்கள்.

"இந்த ரெண்டு வாரத்துல வீட்ல யாருக்காவது உதட்டுல கொப்புளம், புண்ணு வந்துச்சா? இப்ப ஆறிப்போயிருந்தாலும் சொல்லுங்க. நான் யாரையும் திட்டமாட்டேன்."

அம்மா இல்லை என்றாள். அத்தான் இல்லை என்றார். அக்கா என் பக்கம் திரும்பினாள். "உனக்கு ஒண்ணு வந்துச்சே?"

"அது டீ சுட்டதுதான், அக்கா" என்றேன்.

"ஆமா டாக்டர், அது சூடு பட்டது" என்று அக்கா எனக்காக உங்களிடம் சாட்சி சொன்னாள்.

நான் பெரிதாக எதையும் யோசிக்கவில்லை. சொன்னால் இனிமேல் அவனை என் கையில் தரமாட்டார்கள். குணமாகி வருவான், வரும்போது நான் தூக்க வேண்டும். அவ்வளவுதான் யோசித்தேன்.

அந்த நோட்ஸில் மருந்தைப் பற்றியும் இருந்தது. மருந்து ஒரு பொய் எழுத்தை உள்ளே அனுப்பும். பிரதி பாதியில் நின்றுவிடும். ஆனால் ஏற்கெனவே எடுத்து முடித்ததைத் திரும்ப வாங்க முடியாது. செத்த செல் எழுந்திருக்காது. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நீங்கள் வேறு கிருமி என்று நினைத்து வேறு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். மறுநாள் வலிப்பு வந்தது. முதுகில் நீர் எடுத்துப் பார்த்து, அதற்கடுத்த நாள்தான் அந்த மருந்தைத் தொடங்கினீர்கள். அதற்குள் ஏழு முறை என்னைக் கடந்து போனீர்கள், டாக்டர். எண்ணினேன். ஒருமுறை என் தோளைத் தட்டி, "சாப்பிட்டியாம்மா?" என்றுகூடக் கேட்டீர்கள்.

பத்தொன்பதாம் நாள் அவன் போய்விட்டான். நான் கொடுத்த முத்தத்தால் அவனுக்கு நோய் வந்தது. நான் சொன்ன பதிலால் அவன் செத்தான். இரண்டையும் தெரிந்தே செய்தேன்.

"சில சமயம் பிரசவத்துலயே தாய்கிட்டருந்து வரலாம். தாய்க்கே தெரியாம இருக்கும்" என்று நீங்கள் அக்காவிடம் மெதுவாகச் சொன்னீர்கள். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இப்போது ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்கிறாள், தோல் சிவக்கத் தேய்க்கிறாள். தனித் தட்டு, தனி டம்ளர். "என் உடம்புல விஷம் இருக்குங்க. நீங்க வேற ஒருத்தியப் பாத்துக்கங்க" என்று அத்தானிடம் சொல்லிவிட்டாள். அவர் அவளுடைய அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "கதவத் தொற, ஒரு தடவ தொற" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் போனால்தான் திறக்கிறாள். என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு, "உன் கையில இருந்தப்போதாண்டி அவன் சந்தோஷமா இருந்தான்" என்கிறாள். நான் அவள் தலையைக் கோதிவிடுகிறேன். தூங்கிவிடுகிறாள்.

அன்று நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இது. உங்களிடம் சொன்னதே எனக்குப் போதும். அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், டாக்டர். ஏற்கெனவே பாதியாகிவிட்டாள், இதை அவளால் தாங்க முடியாது. அவளுக்காகத்தான் கேட்கிறேன்.